மூன்றாம் ஆண்டில் தெரியும் பிராண்ட்

போன் விற்கும் கடையில் ஒரு பேச்சு, போன் பழுதுபார்க்கும் கடையில் வேறொரு பேச்சு. விற்கும் கடையில் 200 மெகாபிக்சல், 120 வாட், 16 ஜிபி ராம் என்று எல்லாம் எண்களாகவே ஓடும். சென்னை ரிச்சி தெருவிலோ, ஏதாவது ஓர் ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரிலோ இருக்கும் சர்வீஸ் கடையில் அந்த எண்களை யாரும் உச்சரிப்பதில்லை. "சார்ஜ் நிக்க மாட்டேங்குது", "ஹேங் ஆகுது", "கையில பிடிக்க முடியாம சூடாகுது", "டிஸ்ப்ளேல கோடு விழுந்திருச்சு" என்பவைதான் அங்கே கேட்கும் குறைகள். முன்னது போனின் முதல் வாரத்தைப் பற்றிய பேச்சு. பின்னது அதன் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைப் பற்றியது.

சாம்சங்கா, ஐபோனா, விவோவா, ரெட்மியா என்று வீட்டிலும் அலுவலகத்திலும் நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் முதல் வாரத்துப் பேச்சை வைத்தே நடக்கின்றன. நாம் போனோடு குடித்தனம் நடத்துவதோ அதற்குப் பிந்தைய ஆண்டுகளில். அந்த ஆண்டுகளை அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே பிராண்டின் விலை அடுக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு பல சமயம் பெரிது. மற்றொன்று, விற்றுவிட்ட போனுக்கு எவ்வளவு காலம் பொறுப்பேற்கிறது என்பதில்தான் ஒரு நிறுவனம் இன்னொன்றிலிருந்து உண்மையாகவே விலகி நிற்கிறது.

பெயர்கள் பல, பாகங்கள் சில

கடைக் கண்ணாடி அலமாரியில் பத்துப் பெயர்கள் இருக்கலாம். உள்ளே இருக்கும் பாகங்களைச் செய்பவர்கள் மிகச் சிலரே. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை குவால்காமின் ஸ்னாப்டிராகன் சிப்பிலோ மீடியாடெக்கின் டைமென்சிட்டி, ஹீலியோ சிப்களிலோ ஓடுகின்றன. அவற்றில் உயர்ந்த ரகச் சிப்களையும் ஆப்பிளின் ஏ வரிசைச் சிப்களையும் பெரும்பாலும் தயாரித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே நிறுவனம்தான். ஐபோனுக்குத் திரை கொடுப்பவர்களில் அதன் நேரடிப் போட்டியாளரான சாம்சங்கின் துணை நிறுவனமும் உண்டு. ஐபோனின் கேமரா சென்சார்கள் சோனியிடமிருந்து வருவதை ஆப்பிளின் டிம் குக் 2022 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்.

பிராண்டுகளுக்கு இடையிலும் உறவுமுறை நெருக்கமானது. ஒப்போவும் விவோவும் சீனாவின் டோங்குவான் நகரில் துவான் யோங்பிங் தொடங்கிய பிபிகே எலெக்ட்ரானிக்ஸ் வழி வந்தவை. ஒப்போவில் உயர் பொறுப்பில் இருந்த பீட் லாவ், கார்ல் பெய்யுடன் சேர்ந்து 2013இல் தொடங்கியது ஒன்பிளஸ். ரியல்மி 2018இல் ஒப்போவின் துணைப் பெயராகப் பிறந்தது. ஐக்யூ விவோவின் பிள்ளை. ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மியின் வீட்டைச் சேர்ந்தவை. 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் சில நாள் இடைவெளியில் ரெட்மி 12 5ஜி, போக்கோ எம்6 ப்ரோ 5ஜி என்று இரண்டு போன்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டிலும் அதே ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2, அதே 6.79 அங்குலத் திரை, அதே 50 மெகாபிக்சல் கேமரா, அதே 5,000 எம்ஏஎச் பேட்டரி. இவற்றில் எது மேல் என்று இருவர் மணிக்கணக்கில் வாதாடினால், அவர்கள் ஒப்பிடுவது முதுகு அட்டையின் வடிவத்தைத்தான்.

கேமராவில் பெயரின் மயக்கம் இன்னும் அதிகம். அமெரிக்க யூடியூப் விமர்சகர் மார்க்கெஸ் பிரவுன்லீ, எந்தப் படத்தை எந்தப் போன் எடுத்தது என்று சொல்லாமல் பார்வையாளர்களை வாக்களிக்கச் செய்யும் போட்டியைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார். 2018இல் நடந்ததில் ஐபோன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஹவாய் மேட் 20 ப்ரோ வென்றது. பெயர் தெரியாதபோது மக்கள் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் சற்று வெளிச்சமாகத் தெரிந்த படத்தை. மெகாபிக்சல் எண்ணும் அப்படித்தான். 200 மெகாபிக்சல் சென்சார் இயல்பான நிலையில் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. 50 மெகாபிக்சல் சென்சார் நான்கை ஒன்றாக்கி ஏறக்குறைய அதே அளவுப் படத்தைத் தருகிறது. இருட்டிலும் அசைவிலும் படம் எப்படி வருகிறது என்பதை முடிவுசெய்பவை சென்சாரின் பரப்பும், லென்ஸும், பின்னால் ஓடும் மென்பொருளும்.

ஒரே பெயர், வெவ்வேறு ஆயுள்

ஒரே ஆண்டில், ஒரே நிறுவனம் விற்ற போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாகச் சாம்சங் வாக்களித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த நடுத்தர விலைக் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு 6 ஆண்டுகள். அதே ஆண்டில் மிகக் குறைந்த விலைக்கு வந்த கேலக்ஸி எம்05க்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் 4 ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டும் மட்டுமே. ஒன்பிளஸிலும் இதே கதைதான்: ஒன்பிளஸ் 12க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், 5 ஆண்டு பாதுகாப்பு, நார்டு சிஇ4 லைட்டுக்கு இரண்டு பதிப்புகள், 3 ஆண்டு பாதுகாப்பு. "சாம்சங் நல்லா உழைக்கும்", "ஒன்பிளஸ் ஸ்மூத்தா இருக்கும்" என்ற பொதுத் தீர்ப்புகள் இந்த இடத்தில் அர்த்தமிழக்கின்றன. எந்தச் சாம்சங், எந்த ஒன்பிளஸ் என்ற கேள்வி முந்திக்கொள்கிறது.

ஆப்பிளின் வழி வேறு. அது பெட்டியின் மேல் ஆண்டுக் கணக்கை அச்சிட்டு விற்றதில்லை, செயலில் காட்டியது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ் 2021இன் ஐஓஎஸ் 15 வரை பெற்றது. 2018இல் வந்த எக்ஸ்ஆர், 2024இன் ஐஓஎஸ் 18 வரை பெற்று 2025இல் வரிசையிலிருந்து கழன்றது. கூகுள் தன் பங்குக்கு 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு 7 ஆண்டுகள் என்று அறிவித்தது. இன்றைய நிலையில் இந்த மூன்று நிறுவனங்களின் உயர்விலைப் போன்களுக்கும் மற்ற பெரும்பாலானவற்றுக்கும் இடையே தெளிவான இடைவெளி இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்டேட் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போனில் இருப்பது புகைப்படம் மட்டும் என்றால் அந்த அலட்சியம் சரி. யூபிஐயும் வங்கிக் கணக்கும் ஓடிபியும் ஒரே கருவியில் குடியிருக்கும்போது, கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்காத போன் பூட்டில்லாத பீரோவைப் போன்றது. செயலிகளும் பழைய பதிப்புகளைக் காத்துக்கொண்டிருப்பதில்லை. 2025இல் வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1க்குக் குறைந்த ஐபோன்களைக் கைவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஐபோன் 6கூட அத்தோடு வாட்ஸ்அப் இல்லாத போன் ஆனது.

சார்ஜ் நிக்கல, சூடாகுது

லித்தியம் பேட்டரிக்குச் சுழற்சிக் கணக்கு உண்டு. பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினாலும் அது ஒரு சுழற்சிதான். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவில் இருக்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. ஐபோன் 15இலிருந்து அது 1,000 ஆனது. நாளுக்கு ஒரு முழுச் சார்ஜ் என்று வைத்தால் முன்னது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு, பின்னது ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு. கடையில் 5,000, 6,000 எம்ஏஎச் என்று கொள்ளளவைச் சொல்கிறார்கள். அந்தக் கொள்ளளவு எத்தனை சுழற்சி தாங்கும் என்பதுதான் மூன்றாம் ஆண்டின் கேள்வி.

பேட்டரியின் முதல் எதிரி வெப்பம். 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் அறிவுறுத்துகிறது. சென்னையிலும் வேலூரிலும் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். உணவு டெலிவரி செய்யும் ஒருவரின் போனை நினைத்துப் பாருங்கள். பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறது. உச்சி வெயில் நேராகத் திரையில் விழுகிறது. ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும் நாள் முழுக்க ஓடுகின்றன. திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது. பவர்பேங்கில் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. சூடு ஒரு எல்லையைத் தாண்டியதும் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கச் செய்கிறது, சிப்பின் வேகத்தைக் குறைக்கிறது, சார்ஜ் ஏறுவதை நிறுத்துகிறது. உச்ச வெளிச்சம் 4,500 நிட்ஸ் என்று விளம்பரத்தில் போட்ட போனும் இதற்கு விலக்கல்ல. அந்த உச்சம் திரையின் ஒரு சிறு பகுதியில் சில கணங்களுக்கு எட்டப்படுவது.

இதே மனிதருக்கு இன்னொரு கேடும் காத்திருக்கிறது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து ஏறினால் கேமராவின் அசைவு தாங்கும் அமைப்பு கெடலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. ஸ்கூட்டர், மொபெட்டில் மாட்டுவதற்கும் அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பரிந்துரைத்தது. அசைவு தாங்கும் அமைப்பு இல்லாத மலிவான கேமரா இங்கே அனுகூலமாகிவிடுகிறது. விலை கூடினால் எல்லாருக்கும் பயன் கூடும் என்ற கணக்கு இப்படிப்பட்ட இடங்களில் தப்புகிறது.

பேட்டரியின் முதுமை வேறு வேடத்திலும் வரும். 2017 டிசம்பரில், பழைய பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு பேட்டரி மட்டுமே. எந்த பிராண்டாக இருந்தாலும், புதுப் போனுக்கு இஎம்ஐ கணக்குப் போடுவதற்கு முன் பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று கேட்பது முதல் வேலை.

ஹேங் ஆகுது

ராம் குறைவு என்றுதான் இதற்குப் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். அதைச் சாக்காக வைத்து "8 + 8 ஜிபி" என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டாவது 8 ஜிபி உண்மையான ராம் அல்ல. சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு. சேமிப்பகம் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் பயன் சொற்பம். கேட்க வேண்டியது சேமிப்பகத்தின் ரகம். மலிவு போன்களில் இன்னும் இடம்பெறும் இஎம்எம்சியைவிட யூஎஃப்எஸ் ரகம் தரவைப் பல மடங்கு வேகமாகப் படிக்கும், எழுதும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்களாலும் திருமண வீடியோக்களாலும் சேமிப்பகம் நிரம்பும்போது இந்த வேறுபாடு வெளியே தெரியும். 64 ஜிபி இஎம்எம்சி போன் ஓராண்டில் திணறுவதற்கும் 128 ஜிபி யூஎஃப்எஸ் போன் மூன்று ஆண்டு சமாளிப்பதற்கும் காரணம் பிராண்ட் பெயரில் இல்லை.

மென்பொருளின் குணத்தில் பிராண்டுக்கு உண்மையான பங்கு உண்டு. ஷாவ்மியின் லெய் ஜுன் 2018 ஏப்ரலில், வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அறிவித்தார். மீதி வருமானம் இணையச் சேவைகளிலிருந்து. விளம்பரமும் அதில் அடக்கம். அமைப்புத் திரைக்குள்ளும் கோப்பு மேலாளருக்குள்ளும் விளம்பரம் எட்டிப்பார்ப்பது அந்த வணிக முறையின் விளைவு. போன் விலை குறைவாக இருப்பதும் அதே முறையின் விளைவு. மலிவு விலைப் போன் விற்கும் மற்றவர்களும் இதே பாதையில் முன்பே நிறுவப்பட்ட செயலிகளை ஏற்றி அனுப்புகிறார்கள். அவற்றில் பலவற்றை அமைப்புகளுக்குள் போய் அணைக்க முடியும். அணைக்கத் தெரியாத பெரியவருக்கு அந்தப் போனைக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

இன்னொரு குணம், பேட்டரியைக் காக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுவது. ஆர்டர் வந்தது தெரியாமல் டெலிவரி ஊழியர் வாய்ப்பை இழப்பதும், மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி மௌனமாகிவிடுவதும் இதனால்தான். நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கிறது என்று பாராட்டப்படும் போன், சில சமயம் இப்படித்தான் அந்தப் பாராட்டைச் சம்பாதிக்கிறது. போன் வாங்கிய அன்றே, தவறவிடக் கூடாத செயலிகளுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட வேண்டும்.

டிஸ்ப்ளேல கோடு விழுந்திருச்சு

சில ஆண்டுகளாக இந்தியாவில் அமோலெட் திரை கொண்ட போன்களில், பெரும்பாலும் மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு, மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழும் குறை பரவலாகப் பேசப்பட்டது. சாம்சங், ஒன்பிளஸ் உட்படப் பல பிராண்டுகளின் பெயர்கள் அடிபட்டன. உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரும் குறை என்பதால், திரை மாற்றும் செலவு பயனர் தலையில் விழுந்தது. சாம்சங் 2024இல் எஸ் வரிசையின் சில பழைய மாடல்களுக்குக் குறிப்பிட்ட காலம்வரை இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தது. ஒன்பிளஸ் இந்தக் குறைக்கு மட்டும் வாழ்நாள் உத்தரவாதம் அறிவித்தது. குறை எல்லா நிறுவனத்துக்கும் வரும். வந்தபின் யார் என்ன செய்தார்கள் என்பதே பிராண்டை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் நேர்மையான சான்று.

சான்று கடைக்காரர்களிடமிருந்தும் வருவதுண்டு. 2024 ஏப்ரலில் தென்னிந்திய அமைப்புசார் சில்லறை வணிகர் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களை விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 4,500 கடைகளைப் பாதிக்கும் முடிவு அது. லாப விகிதம் குறைவு என்பதோடு, உத்தரவாதக் கோரிக்கைகள் தாமதமாவதால் வாடிக்கையாளரின் கோபத்தைக் கடை ஏற்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணம். கடையில் நம்மிடம் பேசுபவர் பெரும்பாலும் ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் ப்ரொமோட்டர். அவரிடம் கேமராவைப் பற்றிக் கேட்பதைவிட, கல்லாவில் இருப்பவரிடம் எந்தப் போன் அதிகம் திரும்பி வருகிறது என்று கேட்பது பயன் தரும்.

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் எவ்வளவு தொலைவில் என்பதும் பிராண்டின் தரத்தில் சேர்த்தி. சென்னையில் இருப்பவருக்குச் சிறந்த போன், அறந்தாங்கியில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் கேட்கும் போனாக இருக்கலாம். உள்ளூர்ச் சர்வீஸ் கடை அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அங்கே டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த "காம்போ" ஒரிஜினலா, காப்பியா என்பதைப் பொறுத்து விலை மாறும். அதிகம் விற்ற மாடலுக்கு இரண்டும் உடனே கிடைக்கும். அபூர்வமான மாடலுக்கு இரண்டுமே கிடைக்காது. ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் மாடலை வாங்குவது மந்தைப் புத்தி என்று கேலி செய்யப்பட்டாலும், பழுது என்று வரும்போது அது நல்ல கணக்கு.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படுபவற்றில் சிம் செருகும் இடமே இல்லை, இசிம் மட்டும். பல ஆண்ட்ராய்டு நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். விலையில் மிச்சம் பிடித்தது ஒரு திரை உடைந்தால் போய்விடும்.

மாதக் கணக்கு

இவ்வளவையும் ஒரே அளவுக்குள் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. போனின் விலையோடு ஒரு பேட்டரி மாற்றும் செலவைக் கூட்டி, அது பயன்படக்கூடிய மாதங்களால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: 15,000 ரூபாய் போன் பேட்டரி மாற்றாமலேயே இரண்டரை ஆண்டில் கைவிடப்பட்டால் மாதம் 500 ரூபாய். 24,000 ரூபாய் போன், நடுவில் 3,000 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றி, ஐந்து ஆண்டு ஓடினால் மாதம் 450 ரூபாய். விலை கூடிய போன் மாதக் கணக்கில் மலிவாகிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு அப்டேட்டும் உதிரிப் பாகமும் கிடைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். அடிக்கடி தவறவிடுபவருக்கும், வெயிலில் பைக்கில் மாட்டியே வேலை செய்பவருக்கும் ஐந்து ஆண்டு என்பதே கற்பனை. அவர்களுக்கு 15,000 ரூபாய் போனே சரி. வயதான பெற்றோருக்கு வாங்கும்போது அளவுகோல் இன்னொன்று: வீட்டில் மற்றவர்கள் வைத்திருக்கும் அதே வகைப் போன். பெற்றோருக்கான சர்வீஸ் சென்டர் மகளோ பேரனோதான். மகளுக்கோ பேரனுக்கோ பழகிய திரை என்றால் போனிலேயே வழிகாட்டிவிட முடியும்.

இந்தக் கணக்கைப் போடத் தேவையான தகவல்கள் இந்தியாவில் விற்கும் பெட்டிகளில் இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எத்தனை காலம் வரும் என்பதை நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும். ஆப்பிளும் அங்கே 5 ஆண்டு என்று எழுத்தில் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கப்படும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும். விற்பனை நின்றபின் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட்டும், ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்களும் கிடைக்க வேண்டும். பேட்டரியின் தாங்குதிறன், கீழே விழுந்தால் தாங்குவது, பழுதுபார்க்கும் எளிமை ஆகியவை லேபிளில் எழுத்துத் தரமாகவும் எண்ணாகவும் இருக்க வேண்டும். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் 2022இல் வந்தது. பழுதுபார்க்கும் எளிமைக்குக் குறியீடு வகுக்க நுகர்வோர் துறை 2024இல் அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது.

அந்தக் குறியீடு கட்டாயமாகப் பெட்டிக்கு வரும்வரை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு, எந்த மாதம் வரை? பேட்டரியும் திரையும் மாற்ற நிறுவனத்தின் கட்டணம் என்ன? பக்கத்துச் சர்வீஸ் சென்டர் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த இரண்டு போன்கள் மிஞ்சினால், அதன்பிறகு கேமராவுக்காகவோ நிறத்துக்காகவோ பெயருக்காகவோ எதையும் எடுக்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலேயே ஐபோன்கள் உற்பத்தியாகி உலகெங்கும் ஏற்றுமதியாகும் காலம் இது. அவற்றை வாங்கும் ஐரோப்பியருக்குச் சட்டப்படி கிடைக்கும் தகவல், இங்கே அதே போனை வாங்குபவருக்கும் பெட்டியின் மேலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.